ரன் அவுட்: தீர்ந்துபோனதைச் சொல்லும் வினை

வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. தமிழில் இதைச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலருக்கு வாயில் வருவது "மில்க் இஸ் ஓவர்" அல்லது "மில்க் காட் ஓவர்". சென்னையிலும் பெங்களூருவிலும் இது எல்லோருக்கும் புரியும். புரிகிற ஒன்றைத் தப்பு என்று சொல்லித் தலையில் குட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ வளர்ந்தவர் காதில் இது ஒட்டாது. அவர்களைப் பொறுத்தவரை 'ஓவர்' ஆவது படம், கூட்டம், பரீட்சை, போர் போன்றவை. அதாவது தொடங்கி, நடந்து, முடிகிற நிகழ்ச்சிகள். 'கெட் ஓவர்' என்றால் காய்ச்சலிலிருந்து தேறுவது, துக்கத்திலிருந்து மீள்வது. இருப்பில் உள்ள ஒன்று எடுக்க எடுக்கக் குறைந்து இல்லாமல் போவதற்கு அவர்கள் வைத்திருக்கும் வினை 'ரன் அவுட்'.

ஒரே வினைக்கு ஓர் அத்தியாயமா என்று கேட்கலாம். சமையலறை, கடை, மருத்துவமனை, பட்டறை, அலுவலகம் என்று எங்கே போனாலும் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது தேவைப்படுகிற வினை இது. பணத்துக்கும் நேரத்துக்கும் பொறுமைக்கும் இதுவேதான். இதைச் சொன்ன விதத்தில் நேர்ந்த குழப்பம் ஒரு விமான விபத்தின் காரணங்களோடு சேர்ந்துகொண்டதும் உண்டு. அதைக் காலங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'ஆஃப்' என்று எழுதினால் இரண்டு வேறு சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. விளக்கை அணைக்கும்போது வருவது 'ஆஃப்'. கடைசி ஒலி காற்றாக வெளியே போகும். 'ஒரு கப் டீ' என்பதற்கு ஆங்கிலத்தில் நடுவே வருகிற சின்னச் சொல்லின் கடைசி ஒலி 'வ்'. அதை இங்கே 'அவ்' என்றே எழுதுகிறேன். நம் வினையோடு ஒட்டி வருவது இந்த 'அவ்' தான். வேகமாகப் பேசும்போது மூன்று சொற்களும் இணைந்து 'ரனவுட்டவ்' என்று ஒரே சொல்லாகக் கேட்கும். இறந்தகால வடிவத்தை 'ரேன்' என்று எழுதியிருக்கிறேன். வாயை அகலத் திறந்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்கான 'ரெய்ன்' ஆகிவிடும்.

ஓட்டம் எங்கிருந்து வந்தது?

'ரன்' என்றால் ஓடு. ஓடுவதற்கும் பால் தீர்வதற்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் மொழியையே ஒரு நிமிஷம் கவனியுங்கள். "பால் தீர்ந்து போச்சு" என்கிறோம். பால் எங்கே போனது? "கண்ணாடி உடைஞ்சு போச்சு" என்கிறோம். கண்ணாடி எங்கும் போகவில்லை. 'போ' அங்கே தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, காரியம் முற்றிலும் நடந்துவிட்டது, இனித் திரும்பாது என்ற குறிப்பை மட்டும் தருகிறது. தமிழ் இலக்கணத்தில் இதைத் துணைவினை என்கிறோம். போ, விடு, கொள், போடு, தள்ளு என்று நம்மிடம் இப்படி ஒரு பட்டாளமே இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையை 'அவுட்', 'அப்', 'ஆஃப்', 'டவுன்' போன்ற சிறு சொற்கள் செய்கின்றன. நம் துணைவினையைப் போலவே அவையும் வினைக்குப் பின்னால் வந்து உட்காருகின்றன. இப்படி வினையும் சிறு சொல்லும் சேர்ந்து நிற்பதை ஃபிரேசல் வெர்ப் என்பார்கள். ஆகவே தமிழ் பேசுகிறவருக்கு அது அந்நியமான ஏற்பாடு இல்லை. 'எழுதித் தள்ளினான்' என்பதில் தள்ளுவதைத் தேடாதவர், 'ரன் அவுட்' என்பதில் ஓட்டத்தைத் தேட வேண்டியதில்லை.

'அவுட்' தருகிற குறிப்பு 'கடைசிவரை, மிச்சமில்லாமல்' என்பது. மெழுகுவர்த்தி எரிந்து தீர்வது 'பர்ன் அவுட்'. டிக்கெட் முழுவதும் விற்றுப்போவது 'செல் அவுட்'. உடம்பு ஓய்ந்துபோவது 'வேர் அவுட்'. இந்தக் குடும்பத்தோடு சேர்த்துப் படித்தால் 'ரன் அவுட்' நினைவில் தங்கும்.

வாக்கியத்தின் தலையில் யார்?

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தமிழில் தீர்வது பொருள், பொருள்தான் எழுவாய். பால் தீர்ந்தது, பணம் தீர்ந்தது, மாத்திரை தீர்ந்தது. ஆள் வர வேண்டுமென்றால் "எங்களிடம்", "வீட்டில்" என்று வேற்றுமை உருபோடு ஓரமாக வந்து நிற்பார். "நாங்கள் பாலில் தீர்ந்துவிட்டோம்" என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் விபரீதமாகிவிடும்.

ஆங்கிலத்தில் இரண்டு வழியும் உண்டு. பொருளைத் தலையில் வைத்தால் "த மில்க் ஹேஸ் ரன் அவுட்". ஆளைத் தலையில் வைத்தால் "வீ ஹேவ் ரன் அவுட் அவ் மில்க்". முதல் வடிவத்தில் 'அவ்' கிடையாது. இரண்டாவதில் 'அவ்' இல்லாமல் முடியாது. இந்த இரண்டையும் கலந்து "வீ ஹேவ் ரன் அவுட் மில்க்" என்றோ "த மில்க் ஹேஸ் ரன் அவுட் அவ்" என்றோ சொல்வதுதான் நம்மிடையே அதிகம் நடக்கிற பிசகு.

இரண்டில் எதைப் பழகுவது? இரண்டாவதை என்பேன். முதல் வடிவம் தமிழோடு ஒத்துப்போவதால் தானாகவே வந்துவிடும். இரண்டாவதுதான் ஆங்கிலப் பேச்சில் அதிகம் புழங்குவது. நமக்கு வராததும் அதுவே. அதில் ஆள் முன்னால் நிற்பதால், யாருக்குத் தட்டுப்பாடு, யார் அதைக் கவனிக்க வேண்டும் என்பதும் சேர்ந்து தெரிகிறது. மருத்துவமனை வார்டில் இருக்கும் செவிலியர் ஸ்டோருக்கு ஃபோன் செய்து "த சலைன் ஹேஸ் ரன் அவுட்" என்றால் தகவல் போய்ச் சேரும். "வீ ஹேவ் ரன் அவுட் அவ் சலைன் இன் வார்டு த்ரீ" என்றால் எங்கே, யாருக்கு வேண்டும் என்பதும் போய்ச் சேரும்.

'அவ்' என்பதற்குப் பின்னால் வருகிற பெயர்ச்சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது ஓர் இருப்பாக இருக்க வேண்டும்: பால், மை, பெட்ரோல், காகிதம் போல எண்ண முடியாதவை, அல்லது நாற்காலிகள், முட்டைகள், ஐடியாக்கள் போலப் பன்மையில் நிற்பவை. ஒற்றைப் பொருள் தீராது. பேனாவில் மை தீரலாம்; 'ரன் அவுட் அவ் பென்' என்று சொல்ல முடியாது. கடையில் பேனாக்களே தீர்ந்துபோனால் 'ரன் அவுட் அவ் பென்ஸ்' சரி. சாதாரணமாக 'த' சேர்க்க வேண்டாம். "ரன் அவுட் அவ் த மில்க்" என்றால் நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த ஏதோ குறிப்பிட்ட பால் என்று ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவையும் இப்படித் தீரும். நேரம், பொறுமை, அதிர்ஷ்டம், சாக்குகள். "ஐ ஆம் ரன்னிங் அவுட் அவ் பேஷன்ஸ்" என்று மேலதிகாரி சொன்னால் அதை வெறும் தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எச்சரிக்கை. உற்சாகமாகத் தொடங்கியவர் பாதியில் சோர்ந்துவிட்டால் 'ரன் அவுட் அவ் ஸ்டீம்' என்பார்கள். நீராவி எஞ்சின் காலத்திலிருந்து வந்த வழக்கு அது. இன்றும் அலுவலகப் பேச்சில் சாதாரணம்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், வாடகைப் பத்திரம் ஆகியவை வேறு வகை. இவை செலவாகித் தீர்வதில்லை, காலாவதியாகின்றன. இவற்றுக்கு முதல் வடிவம் மட்டுமே பொருந்தும். "மை விசா ரன்ஸ் அவுட் இன் மார்ச்" என்பது சரி. "ஐ ரேன் அவுட் அவ் விசா" என்பது சரியில்லை. தேதி முன்பே தெரிந்திருப்பதால், மார்ச் இனிமேல்தான் வரப்போகிறது என்றாலும் நிகழ்கால வடிவமே போதும். விண்ணப்பப் படிவத்தில் எழுதும்போது 'எக்ஸ்பயர்ஸ்' என்று போடுங்கள்; பேசும்போது 'ரன்ஸ் அவுட்' இயல்பாக இருக்கும்.

தீர்ந்துவிட்டதா, தீர்ந்துகொண்டிருக்கிறதா?

மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "வீ ஆர் ரன்னிங் அவுட் அவ் கேஸ்": சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சீக்கிரம் தீரப்போகிறது. "வீ ஹேவ் ரன் அவுட் அவ் கேஸ்": இப்போது இல்லை. "வீ ரேன் அவுட் அவ் கேஸ் லாஸ்ட் நைட்": நேற்று ராத்திரி தீர்ந்தது, இப்போது வேறு சிலிண்டர் மாட்டியிருக்கலாம். 'ரன்' என்ற வினை முதல் வடிவத்திலும் மூன்றாம் வடிவத்திலும் ஒன்றேபோல இருப்பதால், 'ஹேவ்' இருக்கிறதா இல்லையா என்பதைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாக்கியத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 'ரன்னிங் அவுட்' எவ்வளவு மிச்சம் என்று சொல்வதில்லை. ஒரு வாரத்துக்கு இருக்கலாம், ஐந்து நிமிஷத்துக்கும் இருக்கலாம். கேட்கிறவர் தன் அனுபவத்தைக்கொண்டு ஓர் அளவை நிரப்பிக்கொள்கிறார்.

1990 ஜனவரி 25 அன்று, அவியான்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம் கொலம்பியாவின் போகோட்டாவிலிருந்து மெடயின் வழியாக நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. போயிங் 707, 158 பேர் இருந்தார்கள். நியூயார்க்கில் வானிலை மோசம், வான்வெளியில் நெரிசல். தரைக்கட்டுப்பாட்டாளர்கள் அந்த விமானத்தை மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்தார்கள். மொத்தம் 1 மணி 17 நிமிடம். எரிபொருள் கரைந்துகொண்டே இருந்தது. முதல் முறை தரையிறங்கப் பார்த்து முடியாமல் மறுபடி மேலே ஏறினார்கள். அவசரநிலை என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் ஸ்பானிய மொழியில் சொன்னார். துணை விமானி கட்டுப்பாட்டாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னது, மீண்டும் முயல்வதாகவும் எரிபொருள் 'ரன்னிங் அவுட்' ஆகிறது என்பதாகவும் இருந்தது. கேப்டன் திரும்பக் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றே பதில் வந்தது. இரண்டாவது முறை தரையிறங்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள்.

விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருளைச் சரியாகக் கண்காணிக்காததையும், தீருமுன் அவசரநிலையை உரிய முறையில் தெரிவிக்காததையும் விமானக் குழுவின் தவறுகளாகப் பதிவு செய்தது. எரிபொருள் குறைவைச் சொல்ல எல்லோரும் ஒரேபோலப் புரிந்துகொள்ளும் சொற்கள் இல்லாதிருந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பழியை ஒரு வினையின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் மொழி கற்பிக்கிறவனாக என்னால் இதைக் கடந்துபோக முடியவில்லை. சொன்னவர் மனதில் இருந்தது 'இன்னும் சில நிமிடங்கள்'. பயண முடிவில் இருக்கும் எந்த விமானத்திலும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருக்கும். அந்தச் சொற்கள் கேட்டவருக்கு அதற்குமேல் எதையும் உணர்த்தவில்லை. இலக்கணப்படி வாக்கியத்தில் ஒரு குறையும் கிடையாது. இல்லாமல் போனது அளவு. இன்று உலக விமானப் போக்குவரத்து விதிகளில் இதற்கென்றே 'மினிமம் ஃபியூயல்', 'மேடே ஃபியூயல்' என்று இரண்டு நிலையான அறிவிப்புகள் இருக்கின்றன. இரண்டாவது அறிவிப்பு காதில் விழுந்தால் அது அவசரநிலைதான். ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

நாம் விமானம் ஓட்டப்போவதில்லை. ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரைக் கவனிக்கிற செவிலியரும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற தொழிலாளியும், அப்பாவுக்கு இன்சுலின் வாங்குகிற மகளும் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே 'ரன்னிங் அவுட்' என்று சொன்னால் அதே மூச்சில் அளவையும் சொல்லுங்கள். "வீ ஆர் ரன்னிங் அவுட் அவ் இன்சுலின். தேர் இஸ் ஒன்லி ஒன் டோஸ் லெஃப்ட்." இரண்டாவது வாக்கியம் வந்த பிறகுதான் கேட்கிறவருக்கு நிலைமை முழுதாகத் தெரியும்.

'ரேன் அவுட்' என்பதற்கும் ஒரு விமானத்தையே உதாரணம் காட்டலாம். இதில் யாரும் இறக்கவில்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் பறக்கும்போதே எரிபொருள் முழுவதும் தீர்ந்தது. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. கிலோகிராமில் கணக்கிட வேண்டிய எரிபொருளைப் பவுண்டுக்கான எண்ணை வைத்துக் கணக்கிட்டதால், தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே நிரப்பியிருந்தார்கள். கேப்டன் ராபர்ட் பியர்சன் எஞ்சின் இல்லாமலே விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சம்பவத்தைச் சொல்வோர் "த பிளேன் ரேன் அவுட் அவ் ஃபியூயல்" என்பார்கள். விமானம் எழுவாய், கூடவே 'அவ்', நடந்து முடிந்த காலம்.

தீருவதற்கு முந்தைய நிலைகளுக்கும் சொற்கள் உண்டு. குறைவாக இருக்கிறது, இன்னும் பதற வேண்டியதில்லை என்றால் "வீ ஆர் ரன்னிங் லோ ஆன் ரைஸ்". இங்கே 'அவ்' வராது, 'ஆன்' வரும். தேவைக்குப் போதாது என்ற தொனி வேண்டுமானால் 'ரன்னிங் ஷார்ட் அவ்'. வினையே வேண்டாம், நிலையை மட்டும் சொன்னால் போதும் என்றால் "வீ ஆர் அவுட் அவ் ரைஸ்". கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி வடிவம்தான். யார் தீர்த்தது என்று சொல்ல நினைத்தால் 'யூஸ் அப்' இருக்கிறது: "ஹூ யூஸ்டு அப் ஆல் த சுகர்?" 'ரன் அவுட்' யாரையும் குற்றம் சொல்வதில்லை. அலுவலகத்தில் இந்த வித்தியாசம் உறவுகளைக் காப்பாற்றும்.

அதே தோற்றம், வேறு பொருள்

கிரிக்கெட்டைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயத்தை எழுதினால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். தமிழில் 'ரன் அவுட்' என்றதும் நினைவுக்கு வருவது விழுந்த ஸ்டம்பும் கோட்டுக்கு வெளியே நின்ற மட்டையும்தான். எம்.சி.சி. வகுத்த கிரிக்கெட் விதிகளில் 38ஆவது விதி இதற்கானது. வினையாகப் பார்த்தால் இது முற்றிலும் வேறு ஆள். இங்கே ஒருவர் இன்னொருவரை ஆட்டமிழக்கச் செய்கிறார். எனவே செயப்படுபொருள் உண்டு, அது நடுவில் வந்து உட்காரும்: "கப்டில் ரேன் ஹிம் அவுட்". செயப்பாட்டு வினையும் சரி: "தோனி வாஸ் ரன் அவுட்". 2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியை மறக்காதவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் மறக்காது.

தீருதல் பொருளில் இந்த இரண்டு வேலையும் செல்லாது. "த மில்க் வாஸ் ரன் அவுட்" என்று சொல்லக் கூடாது. "வாஸ் ஃபினிஷ்டு" என்ற பழக்கத்திலிருந்து இந்த 'வாஸ்' தொற்றிக்கொள்கிறது. பாலை யாரும் ரன் அவுட் செய்ய முடியாது. அது தானாகத் தீரும். ஆகவே 'ஹேஸ்' போடுங்கள்.

இன்னும் இரண்டு வேடங்கள் உண்டு. "ஹீ ரேன் அவுட் அவ் த ரூம்" என்றால் அறையை விட்டு ஓடிவந்தான். இது உண்மையான ஓட்டம். 'அவ்' என்பதற்குப் பின் 'த' சேர்ந்து ஓர் இடம் வந்தால் ஓட்டம், 'த' இல்லாமல் ஓர் இருப்பு வந்தால் தீருதல் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். "ஹீ ரேன் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி" என்பது கனமான சொல். குடும்பத்தை நிர்க்கதியாக விட்டுவிட்டுப் போனான் என்று பொருள். 'அவ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆன்' வாய் தவறி வந்தால் சர்க்கரையைக் கைவிட்டு ஓடிப்போனதாக ஆகும். இதில் கவனம் தேவை.

பயிற்சி

கீழே ஒரு சிறு பேச்சு. மெஸ் நடத்துகிற அக்காவும் உதவிக்கு இருக்கும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள்.

"அக்கா, இட்லி மாவு தீர்ந்துபோச்சு."
"நேத்தும் இதே நேரத்துக்குத்தான் தீர்ந்துச்சு. எண்ணெய் இருக்கா?"
"குறைஞ்சுக்கிட்டே வருது அக்கா, ரெண்டு லிட்டர்தான் இருக்கு."
"மதியத்துக்குள்ள அதுவும் தீர்ந்துடும். போய் வாங்கிட்டு வா."

முதல் வரிக்கு "வீ ஹேவ் ரன் அவுட் அவ் இட்லி பேட்டர்". மாவைத் தலையில் வைத்து "த இட்லி பேட்டர் ஹேஸ் ரன் அவுட்" என்றாலும் சரி. இரண்டையும் சொல்லிப் பழகுங்கள். இரண்டாவது வரியில் 'நேத்து' இருப்பதால் 'ஹேவ்' வரக் கூடாது: "வீ ரேன் அவுட் அட் த சேம் டைம் யெஸ்டர்டே". எது தீர்ந்தது என்பது முன்வரியிலேயே தெரிந்துவிட்டதால் 'அவ்' சேர்ந்து நிற்கும் பகுதியையே விட்டுவிடலாம். மூன்றாவது வரியில் தம்பி அளவையும் சொல்லிவிட்டான், நல்ல பிள்ளை: "வீ ஆர் ரன்னிங் லோ ஆன் ஆயில். தேர் ஆர் ஒன்லி டூ லிட்டர்ஸ் லெஃப்ட்." 'ரன்னிங் அவுட் அவ்' என்றாலும் தப்பில்லை, இரண்டு லிட்டர் அந்த மெஸ்ஸுக்கு எத்தனை நேரம் வரும் என்பதைப் பொறுத்தது. நான்காவது, இனி நடக்கப்போவது: "வீ வில் ரன் அவுட் அவ் தட் டூ பிஃபோர் லஞ்ச்". இதில் 'வில்' வந்தபின் 'ரன்' மாறாமல் நிற்கிறது, 'ரேன்' போட்டுவிடாதீர்கள்.

நான்கும் தடுக்காமல் வந்துவிட்டால், இன்று சமையலறை அலமாரியைத் திறந்து, கண்ணில் படும் ஒவ்வொரு டப்பாவுக்கும் மூன்று காலங்களிலும் ஒவ்வொரு வாக்கியம் சொல்லுங்கள். அடுத்த அத்தியாயத்தில் வரும் 'புட் ஆஃப்' நடுவில் பொருளை வாங்கிக்கொள்கிற வினை. கிரிக்கெட் 'ரன் அவுட்' பற்றிச் சொன்னதை அதற்கு முன் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.